காட்டாத பேய்

"பகுத்தறிவாளன் பேய்ப் படம் பார்க்கலாமா?"

நம் படிப்பகங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. ஒரு தோழர் சீறுகிறார்: "பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். திரையிலே பேயை ஆடவிட்டுக் காசு பறிக்கிறார்கள். அதற்கு நாமே காசு கொடுத்து நுழைவதா? அப்படங்கள் அத்தனையும் ஒழிய வேண்டும்!" இன்னொரு தோழர் சிரிக்கிறார்: "படம் படந்தானே! இரண்டரை மணி நேரப் பொழுதுபோக்கு. அதற்குப் போய் ஆராய்ச்சி எதற்கு?"

இருவர் கூற்றையும் நாம் ஏற்பதற்கில்லை. முன்னவர் எல்லாப் படங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி நெருப்பில் போடச் சொல்கிறார். பின்னவர் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவே மறுக்கிறார். ஆராயாமல் எரிப்பதும் ஆராயாமல் சுவைப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள்.

பேய்ப் படங்களுள் இருவகை உண்டு, தோழர்களே! பேயைக் கொண்டுவந்து கண்முன் நிறுத்தி, "பார்! நம்பு!" என்று கட்டளையிடும் படம் ஒரு வகை. பேயைக் காட்டாமல், ஒரு நிழலைக் காட்டி, ஓர் ஓசையைக் கேட்கச் செய்து, மெல்லத் திறக்கும் ஒரு கதவைக் காட்டி, "என்னவாக இருக்கும்?" என்று நம்மையே கேட்கும் படம் மற்றொரு வகை. முதல் வகை பூசாரிக்குத் தொண்டு செய்கிறது. இரண்டாம் வகையோ, எடுத்தவர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், பகுத்தறிவுக்குப் பயிற்சிக்களம் ஆகிறது. ஏன் என்பதைப் பார்ப்போம்.

பழமொழி படமான கதை

1942ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. என்னும் படநிறுவனம். வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. திகில் படம் வேண்டும். செலவு குறைவாக இருக்க வேண்டும். தலைப்பைக்கூட நிறுவனமே கொடுத்துவிடும்! அப்படிக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'கேட் பீப்பிள்', அதாவது 'பூனை மனிதர்கள்'. இயக்கியவர் ஜாக் டூர்னர்.

கொடிய விலங்கின் வேடம் தைக்கப் பணமில்லை. பெரிய மாளிகை கட்டவும் பணமில்லை. கையிலிருந்தது இருட்டு ஒன்றுதான். இருட்டுக்கு விலையில்லையே!

சினம் மூண்டால் சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று தன்னைப் பற்றித் தானே நம்பும் ஒரு பெண்ணின் கதை அது. அப்படத்தில் வேறொருத்தி இரவில் ஒரு பூங்காவின் மதிலோரம் தனியே நடக்கிறாள். பின்னால் காலடி ஓசை. சற்று நேரத்தில் அந்த ஓசை நின்றுவிடுகிறது. ஓசை கேட்டபோது இல்லாத அச்சம், ஓசை நின்றபோது பிறக்கிறது! அவள் விரைகிறாள், ஓடுகிறாள், விளக்குக் கம்பத்தைப் பற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்கிறாள். திடுமென ஒரு சீற்றம்! விலங்கு பாய்ந்துவிட்டது என்று கொட்டகையே துள்ளுகிறது. வந்து நின்றதோ ஒரு பேருந்து. சீறியது அதன் 'பிரேக்'!

இன்னொரு காட்சி. அதே பெண் ஒரு நீச்சற் குளத்தில் இருக்கிறாள். விளக்கு அணைந்திருக்கிறது. தண்ணீரின் ஒளியலை கூரையிலும் சுவரிலும் நெளிகிறது. எங்கோ ஓர் உறுமல். சுவரில் ஏதோ அசைகிறது. அவ்வளவுதான். இவ்விரு காட்சிகளிலும் விலங்கு ஒன்றை நாம் பார்ப்பதே இல்லை. ஆனால் பார்த்ததாகச் சத்தியம் செய்வோர் ஆயிரம் பேர் இருப்பர்!

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்றார்கள் நம் முன்னோர். அந்தப் பழமொழியைத்தான் வால் லூட்டனும் டூர்னரும், தமிழ் அறியாமலேயே, படமாக எடுத்துக் காட்டினார்கள். திரை தந்தது பாதி. மீதியைத் தந்தவர் பார்த்தவர். அச்சத்தின் ஆலை நம் நெஞ்சுக்குள் இருக்கிறது என்பதை இதைவிட எளிதாக எந்தச் சொற்பொழிவு விளக்கிவிடும்?

இந்த ஆலை அமெரிக்காவில் மட்டுமா ஓடுகிறது? நம் தருமபுரி மாவட்டத்துச் சாலையோரத்துப் புளியமரங்களைப் பாருங்கள். பகலில் அம்மரத்தை உலுக்குகிறோம். காயை ஓடு நீக்கிக் கொட்டை எடுத்துக் கூலி பெறுகிறோம். அந்தக் கூலியில் உலை கொதிக்கிறது. பொழுது சாய்ந்ததும் அதே மரத்தைக் கடக்கக் கால்கள் நடுங்குகின்றன. மரம் மாறவில்லை, கிளை மாறவில்லை. வெளிச்சம் போயிற்று, வெளிச்சம் இருந்த இடத்தில் கேள்விப்பட்ட கதைகள் வந்து அமர்ந்துகொண்டன. பென்னாகரத்துக்கும் அரூருக்கும் செல்லும் வழியில் இரவுப் பேருந்தைத் தவறவிட்டு நடந்தவர் எவரும் இதை அறிவர். டூர்னரின் மதிலோரத் தெருவும் நம் புளியமரச் சாலையும் ஒன்றுதான்.

பேயில்லாப் படத்துக்குப் பேய் முத்திரை

இனித் தமிழ்த் திரைக்கு வருவோம். 1951இல் ஜூபிடர் நிறுவனம் 'மர்மயோகி' என்னும் படத்தை வெளியிட்டது. இயக்கியவர் கே. ராம்நாத். எழுதியவர் ஏ. எஸ். ஏ. சாமி. எம்.ஜி.ஆர். நடித்தார், செருகளத்தூர் சாமா மன்னர் வேடம் தாங்கினார், சூழ்ச்சிக்காரி ஊர்வசியாக அஞ்சலிதேவி தோன்றினார்.

மன்னனைக் கொன்றுவிட்டதாக எண்ணி அரியணையில் அமர்கிறாள் ஊர்வசி. ஆனால் கொல்லப்பட்ட மன்னனின் 'ஆவி' அரண்மனையில் உலவத் தொடங்குகிறது. அரியணையில் அமர்ந்தவள் அலறுகிறாள். பிறகு தெரிகிறது, மன்னன் சாகவே இல்லை என்று! உயிரோடிருக்கும் மனிதன்தான் ஆவியாக நடமாடினான். குற்றவாளியின் நெஞ்சே குற்றவாளிக்குப் பேயாயிற்று.

இப்படத்துக்குத்தான் தணிக்கைக் குழுவினர், அந்தப் பேய்க் காட்சிகளுக்காக, 'வயது வந்தோர் மட்டும்' என்னும் 'ஏ' முத்திரை குத்தினர். தமிழ்ப் படங்களுள் அம்முத்திரை பெற்ற முதற் படம் என்ற பெயரும் இதற்குக் கிடைத்தது. என்னே விந்தை! ஆலமரத்துப் பேயையும் அரசமரத்து முனியையும் பாட்டி மடியிலேயே பிள்ளைக்கு ஊட்டும் நாட்டில், 'பேயில்லை, அது மனிதன் வேலை' என்று சொல்லும் படத்தைப் பிள்ளைகள் பார்க்கக் கூடாதாம்!

எனினும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'மர்மயோகி'யின் ஆவி கொடியவர்களை மிரட்ட உதவிய ஒரு கருவி. அச்சம் ஓர் உள்ளத்தை எப்படி அரிக்கும், அதனால் யார் அழிவர் என்று அப்படம் ஆழச் செல்லவில்லை. அதற்கு நாம் பம்பாய்க்குப் போக வேண்டும்.

பேய் பொய், சாவு மெய்

1949இல் பம்பாய் டாக்கீஸ் வெளியிட்ட 'மகல்' படத்தை இயக்கியவர் கமால் அம்ரோஹி. அவருக்கு அதுவே முதற் படம். ஒளிப்பதிவு செய்தவர் ஜோசப் விர்ஷிங் என்னும் செருமானியர். நிழலையும் ஒளியையும் மோதவிட்டு மனநிலையைக் காட்டும் செருமானியப் படங்களின் மரபை அவர் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். படத்தொகுப்புச் செய்தவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பிமல் ராய்.

பாழடைந்த மாளிகை ஒன்றுக்கு வருகிறான் ஓர் இளைஞன். அங்கே முன்பு ஒரு காதலன் நீரில் மூழ்கி மாண்டதாகவும், அவனுக்காகக் காத்திருந்த காதலியும் மாண்டதாகவும் தோட்டக்காரன் கதை சொல்கிறான். சுவரில் ஓர் ஓவியம். மாண்டவனின் முகம் தன் முகமாகவே இருக்கக் கண்டு இளைஞன் திகைக்கிறான். பிறகு ஒரு குரல். தொலைவில் தொடங்கி, மெல்ல நெருங்கி, மீண்டும் தொலைவாகும் பெண்குரல். ஊஞ்சலில் ஓர் உருவம். அது பெண்ணா, ஆவியா? படம் சொல்லவில்லை. லதா மங்கேஷ்கரின் அந்தக் குரலும் விர்ஷிங்கின் அந்த இருளும் சேர்ந்து நம்மையும் அவனோடு அழைத்துச் செல்கின்றன.

முடிவில் உண்மை வெளிப்படுகிறது. அவள் ஆவியல்லள்; தோட்டக்காரனின் மகள்! தந்தை சொன்ன கதையில் தோய்ந்து, மாளிகையைத் தனக்கென ஒரு கனவாக்கிக்கொண்ட ஏழைப் பெண். "அப்படியானால் எல்லாம் சரியாயிற்று" என்று எழுந்து போகலாமா? முடியாது. ஏனெனில், அதற்குள் ஒருத்தி இறந்துவிட்டாள். அவனுக்கு மணமுடித்து வைக்கப்பட்ட மனைவி, கணவனின் பார்வை தன்மேல் ஒருநாளும் படாமல், அவன் எங்கோ வெறித்திருக்கக் கண்டு கண்டு வெதும்பி, நஞ்சுண்டு மாண்டாள். அவனும் இறுதியில் மாள்கிறான்.

பேய் பொய், சாவு மெய்! இதுதான் 'மகல்' நமக்குத் தரும் செய்தி. பேய் கொன்றதாக ஒருவரைக் காட்ட முடியுமா? முடியாது. பேயை நம்பியதால் மாண்டவரைக் காட்ட முடியுமா? எத்தனை பேர் வேண்டும்?

வெள்ளைச் சேலையும் சொத்துப் பத்திரமும்

அடுத்து 'யார் நீ?' 1964இல் ராஜ் கோஸ்லா இந்தியில் எடுத்த 'வோ கோன் தீ?' என்னும் படம், 1966இல் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடிக்கத் தமிழில் 'யார் நீ?' ஆயிற்று. மழை இரவு. வெள்ளைச் சேலையுடுத்திய ஒரு பெண் வழியிலே நிற்கிறாள். காரில் ஏற்றிக்கொள்கிறான் ஒரு மருத்துவன். அவள் இறங்கிப் போகும் இடமோ இடுகாடு! பிறகு அவன் மணக்கும் பெண்ணுக்கும் அதே முகம். அவன் மதிகலங்குகிறான்.

படித்த மருத்துவனே கலங்குகிறான் என்பதைக் கவனியுங்கள். பட்டம் மட்டும் பேயை ஓட்டாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முடிவிலே திரை விலகுகிறது. பேயில்லை, இரட்டைப் பிறவிப் பெண்களும் ஒரு சதியும். அவன் பைத்தியமாகிவிட்டால் பெருஞ்சொத்து உறவினனுக்குப் போய்ச் சேரும்! ஆக, பேய்க்குப் பின்னே பத்திரம். பத்திரத்துக்குப் பின்னே பணம். 'இந்தப் பேயால் யாருக்கு ஆதாயம்?' என்று கேட்கக் கற்றுக்கொடுக்கும் கதை என்ற அளவில் இதை நாம் வரவேற்கிறோம். ஊரில் ஒரு வீட்டுக்குப் 'பேய் வீடு' என்று பெயர் வந்தால், அதை அடிமாட்டு விலைக்குக் கேட்டவர் யார் என்று முதலில் விசாரியுங்கள்!

ஆனால் இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதற் குறை, இரண்டரை மணி நேரம் அச்சத்தை ஊட்டிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசர அவசரமாக விடை சொல்வது. வகுப்பறையில் கணக்கைப் போட வைக்காமல் விடையை மட்டும் எழுதிப்போட்டால் மாணவன் கற்பதென்ன? மறுநாள் வேறு கணக்கு வந்தால் விழிப்பான். அதுபோலவே விடை மறக்கிறது. வெள்ளைச் சேலை மறப்பதில்லை.

இரண்டாம் குறை, அந்த வெள்ளைச் சேலையேதான். நம் திரையிலே பேய் என்றால் பெரும்பாலும் பெண். தலைவிரி கோலம், வெண்ணிற ஆடை, கால் கொலுசு. ஏன் பெண்? உயிரோடிருந்தபோது நீதி மறுக்கப்பட்டவள் செத்த பிறகாவது பழிதீர்க்க வருவாள் என்னும் அச்சம் ஆணின் நெஞ்சில் இருப்பதால் அன்றோ! நம் பகுதியின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். பிறந்த பெண்சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டது; 2001இல் தருமபுரிக்கும் அது விரிந்தது. அத்தகைய திட்டம் தேவைப்பட்ட மண்ணில் அஞ்சத்தக்கவர் மாண்டவரா? மாளச் செய்தவரா? திரையில் வெள்ளைச் சேலையைக் கண்டு நடுங்குவோர் இந்தக் கேள்விக்கு நடுங்கட்டும்!

ஆசிரியை கண்டதென்ன?

விடை சொல்லும் படங்களைப் பார்த்தோம். விடையே சொல்லாத ஒரு படத்தையும் பார்ப்போம். 1961இல் ஜாக் கிளேட்டன் இயக்கிய ஆங்கிலப் படம் 'தி இன்னொசன்ட்ஸ்'. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய கதையைத் தழுவியது. டெபோரா கெர் நடித்தது. ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ், வடிகண்ணாடியின் ஓரங்களுக்குக் கருமை பூசிப் படம் பிடித்தார். அதனால் திரையின் நடுவே வெளிச்சம், ஓரங்களில் கருமை. அந்தக் கருமையில் யாரேனும் நிற்கிறார்களா என்று நம் கண் தானாகவே துழாவும்!

நகரத்துக்கு வெளியே ஒரு மாளிகை. தாய் தந்தையற்ற ஒரு சிறுவன், ஒரு சிறுமி. அவர்களுக்குப் பாடம் சொல்லித்தர வருகிறாள் ஓர் ஆசிரியை. முன்பு அங்கிருந்த பணியாளன் ஒருவனும், முன்னிருந்த ஆசிரியை ஒருத்தியும் இறந்துபோனவர்கள். அவர்களின் ஆவிகள் குழந்தைகளைப் பற்றிக்கொண்டன என்று புதிய ஆசிரியை நம்பத் தொடங்குகிறாள்.

உண்மையில் ஆவிகள் உண்டா? அவள் கண்டேன் என்கிறாள். அருகிலிருக்கும் வீட்டுக் காப்பாளப் பெண்ணோ காணவில்லை என்கிறாள். சிறுமி மறுத்துக் கதறுகிறாள். 'அப்படியானால் எல்லாம் ஆசிரியையின் மனமயக்கம்' என்று நாம் முடிவுகட்டும்போது, பள்ளியறையில் யாரோ அழுதுவிட்டுப் போனதுபோல ஒரு துளி நீர் காணப்படுகிறது! படம் எந்தப் பக்கமும் சாயவில்லை. சான்றுகளை நம் முன்னே பரப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

முடிவு என்ன? ஆவியின் பெயரைச் சொல், சொன்னால் விடுதலை என்று சிறுவனை நெருக்குகிறாள் ஆசிரியை. நெருக்குகிறாள், உலுக்குகிறாள், விடமாட்டேன் என்கிறாள். சிறுவன் பெயரைச் சொல்கிறான். சொன்னவன் அவள் கையிலேயே பிணமாகிறான்.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இப்படத்தை எளிதில் கடந்துவிட முடியவில்லை. அவள் கெட்டவள் அல்லள். குழந்தைகள்பால் அன்புடையவள். அவர்களைக் காக்கவே துடித்தாள். அவளிடம் இல்லாதது ஒன்றே: 'ஒருவேளை நாம் நினைப்பது தவறாக இருக்குமோ?' என்னும் ஐயம். ஐயம் இல்லாத அன்பு கழுத்தை நெரிக்கிறது! உடல்நலமில்லாத பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டி, மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடும் தாயும் அன்புடையவள்தானே? பிள்ளை சோர்ந்து உட்கார்ந்தால் 'காற்றுக் கருப்பு அண்டியிருக்கும்' என்று வகுப்பிலே சொல்லிவிடும் ஆசிரியர் இன்றும் இல்லை என்று எவரேனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

இதற்கு இணையாக வைக்கத்தக்கது 1963இல் வந்த 'தி ஹாண்டிங்'. இயக்கியவர் இராபர்ட் வைஸ். வால் லூட்டனிடம் இயக்கத் தொடங்கியவர் அவர். இப்படத்தில் கதவு ஒன்று உள்நோக்கிப் புடைக்கிறது. கதவுக்கு அப்பால் இருப்பதென்ன என்று கடைசிவரை தெரியாது. இருளில் ஒரு பெண், தோழியின் கையைப் பற்றியிருப்பதாக எண்ணி ஆறுதல் கொள்கிறாள். விளக்கு ஏறியதும் தோழி எட்டத்தில் கிடக்கக் காண்கிறாள். 'அப்படியானால் நான் பற்றியிருந்தது யார் கை?' இந்தக் கேள்வியை விடப் பெரிய பேயை எந்தத் தந்திரக் காட்சியாலும் செய்துவிட முடியாது. அந்தப் பெண்ணின் தனிமையே அவளுக்குக் கை நீட்டியதோ என்று எண்ணிப் பார்க்கவும் படம் இடம் தருகிறது.

குறிகாரனின் மழுப்பலும் கலைஞனின் ஐயமும்

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும். "தெளிவாகச் சொல்லாமல் விடுவதுதான் குறிகாரனின் தந்திரமும். 'வடக்கே ஒரு பொருள், வாசலிலே ஒரு பகை' என்று மழுப்புவான். கேட்பவனே பொருள் செய்துகொள்வான். இருவருக்கும் என்ன வேறுபாடு?"

நல்ல கேள்வி. விடையும் உண்டு. குறிகாரன் ஐயத்தைக் கிளப்புவது, தான் வந்து தீர்ப்பதற்காக. 'எனக்குத் தெரியும், பரிகாரம் இத்தனை ரூபாய்' என்பது அவன் அடுத்த வாக்கியம். கலைஞன் ஐயத்தைக் கிளப்பிவிட்டு, அதை நம்மிடமே விட்டுச் செல்கிறான். குறிகாரன் நம் தீர்ப்பைப் பிடுங்கிக்கொள்கிறான். கலைஞன் தீர்ப்பை நம் கையில் கொடுக்கிறான். குறிகாரனிடம், 'இன்னொரு முறை சொல், சரிபார்க்கிறேன்' என்றால் சினப்பான். படத்தையோ பத்து முறை ஓட்டிப் பார்க்கலாம்.

ஐயத்தைப் பயன்படுத்துவது எப்படி என்பதற்கு நம்மிடையே ஒரு பெரியவர் வழிகாட்டியிருக்கிறார். ஆபிரகாம் கோவூர். 1898இல் திருவல்லாவில் பிறந்து, இலங்கையில் ஆசிரியராகப் பணிபுரிந்து, 1959இல் ஓய்வு பெற்று, 1978இல் மறையும்வரை மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடியவர். பேய் வீடு என்று சொன்னால் 'பொய்!' என்று சொல்லிவிட்டு அவர் வீட்டிலே உட்கார்ந்திருக்கவில்லை. அங்கே போனார், தங்கினார், வீட்டார் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். கல் விழும் வீடுகளில், கல்லை எறிந்த கை பல வேளைகளில் அவ்வீட்டிலேயே மனம் நொந்திருந்த ஒருவரின் கையாக இருக்கக் கண்டார். தெய்வீக ஆற்றலை மோசடிக்கு இடமின்றி மெய்ப்பிப்பவருக்கு இலட்ச ரூபாய் என்று 1963இல் அவர் விடுத்த அறைகூவலை வென்றவர் எவருமிலர். அவர் ஆராய்ந்த ஒரு மனநோய் நிகழ்ச்சியே 1972இல் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' ஆகி, 1973இல் டி. ஆர். ராமண்ணா இயக்கத்தில் தமிழில் 'மறுபிறவி' ஆயிற்று.

கோவூர் செய்தது என்ன? திரையில் டூர்னரும் கிளேட்டனும் நம்மைச் செய்யத் தூண்டுவதுதான். பார்ப்பது, கேட்பது, ஒப்பிடுவது, அவசரப்படாமல் இருப்பது!

மருத்துவர் நாற்காலியில் மந்திரவாதி

இந்த அளவுகோலை ஏந்தி அண்மைக் காலப் படங்களுக்கு வருவோம். 1993இல் மலையாளத்தில் பாசில் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்', கன்னடத்தின் வழியே 2005இல் 'சந்திரமுகி'யாகத் தமிழுக்கு வந்தது. பெண்ணைப் பற்றியது பேயன்று, மனநோய் என்று மருத்துவன் வாயால் சொல்ல வைத்ததற்குப் பாராட்டு. ஆனால் நோயைத் தீர்க்கும் வேளையில் என்ன நடக்கிறது? மருத்துவர் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்து, மந்திரவாதியை அமர்த்துகிறார்! ஓமப் புகையும் கோலமும் நாடகமும் சேர்ந்து நோய் ஓடுகிறதாம். வீட்டுக்குத் திரும்பும் மக்கள் நெஞ்சில் நின்றது மருத்துவமா, மாந்திரிகமா?

பின்னர் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) என்று வரிசை நீண்டது. இவற்றில் இருட்டுக்கு வேலையே இல்லை. பேய் வெளிச்சத்திலேயே வருகிறது, ஆடுகிறது, நகைச்சுவைக்கும் உதவுகிறது. 'காஞ்சனா'வில் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் துயரைச் சொன்னது நேர்மையான முயற்சி. அதை மறைக்க மாட்டோம். ஆனால் அவளுக்கு நீதி யாரால் கிடைக்கிறது? பேயால்! நீதியைப் பேயிடம் ஒப்படைத்துவிட்டால் காவல் நிலையத்தைக் கேள்வி கேட்பவர் யார்? நீதிமன்றத்தின் கதவைத் தட்டுபவர் யார்? இருக்கிறவர்கள் செய்யவேண்டிய வேலையை இறந்தவர்கள் தலையில் சுமத்தும் ஏற்பாடு இது.

விதிவிலக்கும் உண்டு. 2012இல் கார்த்திக் சுப்பராஜ் எடுத்த 'பீட்சா', ஒரு வீட்டுக்குள் நம்மை நடுங்க வைத்து, பிறகு அந்தப் பேய்க் கதையே ஒரு திருட்டை மறைக்கப் புனைந்த கட்டுக்கதை என்று காட்டியது. கடைசியில் கதை கட்டியவனையே ஒரு கதவின் முன் நிறுத்தி, முடிவைச் சொல்லாமல் விட்டது. பழைய கலை மாளவில்லை என்பதற்கு அடையாளம்.

சங்கிலி

"படத்தைப் பற்றி இவ்வளவு பேச்சா?" என்று கேட்போருக்கு ஒரு நாளை நினைவூட்டுகிறோம். 2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்கள் ஓடியிருக்கலாம், ஓட முடியவில்லை. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டனர். நோயை நோய் என்று அறியாமல், தீய ஆவி என்றும் சாபம் என்றும் எண்ணி, புனித இடத்தில் கட்டிப்போட்டால் தீரும் என்று நம்பிய நாட்டில் நடந்தது அது.

அந்தச் சங்கிலியை உருக்கிச் செய்தது எந்தக் கொல்லன்? 'இது பேய்தான்' என்னும் உறுதி! ஐயம் கொண்டவன் மருத்துவமனைக்குப் போகிறான். உறுதி கொண்டவன் சாட்டை எடுக்கிறான், வேப்பிலை எடுக்கிறான், உடுக்கை அடிக்கிறான். மணமாகி வந்த வீட்டில் வாய்திறக்க வழியற்ற பெண், தலையை விரித்துப் போட்டு ஆடும்போதுதான் மாமியாரை ஏசுகிறாள், கணவனைச் சாடுகிறாள். பேசியது பேயா? பேச முடியாமல் கிடந்த அவள் துயரமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவள் முதுகில் சாட்டை விழாது.

மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. 14416 என்னும் எண்ணை அழைத்தால் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது. சட்டமும் எண்ணும் வந்தாயிற்று. அவற்றை நாட வேண்டிய மனம் வர வேண்டும். அந்த மனத்தை உருவாக்குவதில் கலைக்குப் பங்குண்டு. அதனால்தான் இவ்வளவு பேசுகிறோம்.

செய்ய வேண்டுவது

ஆகவே தோழர்களே, பேய்ப் படங்களைத் தடைசெய் என்று மனு எழுத வேண்டாம். அவற்றை ஊர் நடுவே போட்டுக் காட்டுங்கள்! திரைத்துணி ஒன்று, ஒளிவீழ்த்தி ஒன்று போதும். அதுவும் இல்லையெனில் கைப்பேசித் திரையே போதும். நடுக்கம் தரும் காட்சி வரும்போது நிறுத்துங்கள். ஒலியை அடக்கிவிட்டு அதே காட்சியை மீண்டும் ஓட்டுங்கள். நடுங்கிய பிள்ளைகள் சிரிப்பார்கள். "அச்சம் எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். "அது படத்தில் இல்லை, ஓசையில் இருந்தது" என்பான் ஒருவன். "ஓசையிலும் இல்லை, நமக்குள் இருந்தது" என்பாள் ஒருத்தி. அன்றைய பாடம் முடிந்தது.

அடுத்து 'மகல்' படத்தைக் காட்டி, அந்த மனைவியின் சாவுக்குப் பொறுப்பு யார் என்று விவாதிக்க விடுங்கள். 'தி இன்னொசன்ட்ஸ்' காட்டி, ஆவி உண்டு என்போர் ஒருபுறமும் இல்லை என்போர் ஒருபுறமும் அமர்ந்து சான்று காட்டட்டும். யார் வென்றாலும் இழப்பில்லை. சான்று கேட்டுப் பழகியவர்கள் நாளைக்குப் பூசாரியிடமும் சான்று கேட்பார்கள்.

இருட்டை ஒழித்துவிட முடியாது. நாள்தோறும் பொழுது சாயத்தான் செய்யும். இருட்டில் ஓர் ஓசை கேட்டால் ஓடுவதா, விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதா என்பதே கேள்வி. பேயைக் காட்டாத படங்கள் நம் கையில் விளக்கைக் கொடுக்கின்றன. ஏந்திச் செல்வோம்!